கிட் பீரின் அடர்த்தி 1.020-இல் நின்றுவிட்டது: பாட்டிலில் அடைக்கலாமா?

வினா:
வீட்டிலேயே பீர் தயாரிக்கும் கிட் ஒன்றை வாங்கினேன். அதிலிருந்த, ஹாப்ஸ் (கசப்பு தரும் பூ) சேர்ந்த மால்ட் (முளைகட்டிய தானியம்) சாறு 1.7 கிலோ டின் ஒன்றுடன் ஒரு கிலோ சர்க்கரையைக் கரைத்து, 23 லிட்டர் வரும்வரை நீர் நிரப்பி, டின்னுடன் கிடைத்த ஈஸ்ட்டைத் தூவினேன். தொடக்க அடர்த்தி 1.040 (நீர் 1.000; சர்க்கரை ஆல்கஹாலாக மாற மாற இந்த எண் இறங்கும்). முதலில் ஏர்லாக்கில் (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத அடைப்பு) குமிழிகள் விடாமல் வந்தன. பிறகு சட்டென அடங்கிவிட்டன. ஒரு வாரம் கடந்தும் அடர்த்தி 1.020-ஐ விட்டு இறங்கவில்லை. முகர்ந்தால் பச்சை ஆப்பிள் வாடை வருகிறது. அறை வெப்பம் 20 டிகிரியைத் தாண்டவில்லை என்பதால் அதைக் குறைசொல்ல முடியாது. இதை அடைத்துவிடலாமா?

மறுமொழி 1:
தயவுசெய்து அடைக்காதீர்கள். பாட்டிலில் வாயு ஏறுவதற்கு லிட்டருக்கு ஆறேழு கிராம் சர்க்கரையே போதும். சர்க்கரை கலந்த கிட் வழக்கமாக 1.010-க்கும் கீழே இறங்கக்கூடியது என்பதால், உங்கள் கலனில் இன்னும் அதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு மிச்சமிருக்கலாம், பாட்டில் வெடிக்க அது தாராளம். ஆனால் எந்தக் கருவியால் அளந்தீர்கள்? ஒளி வளைவதை வைத்துச் சர்க்கரையைக் கணிக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் என்றால், ஆல்கஹால் உண்டான பிறகு திருத்தக் கணக்கில்லாமல் அது காட்டும் எண்ணை நம்ப வேண்டாம். நொதித்தல் முடிந்த பீரையும் 1.020 என்றே காட்டக்கூடும். ஏர்லாக்கும் சாட்சியாகாது, மூடி சற்றுத் தளர்ந்திருந்தாலே குமிழி நின்றுவிடும்.

வினா எழுப்பியவர்:
திரவத்தில் மிதக்கவிட்டு அடர்த்தி பார்க்கும் ஹைட்ரோமீட்டர்தான். மாதிரியை நன்றாகக் குலுக்கி வாயுவை வெளியேற்றிய பின் 1.018 காட்டியது. கலனில் ஒட்டியிருந்த வெப்பப் பட்டை தொடக்கத்தில் 26 டிகிரி காட்டியதைப் பட்டை பழுதென்று விட்டுவிட்டேன். இப்போது இரவில் 16-க்கு இறங்குகிறது.

மறுமொழி 2:
பட்டை சரியாகத்தான் காட்டியிருக்கிறது. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னும்போது வெப்பம் வெளிப்படும். வேகமான கட்டத்தில் கலனுக்குள் அறையைவிட ஐந்தாறு டிகிரி கூடுதலாக இருப்பது இயல்பு. பார்க்க வேண்டியது கலனின் வெப்பத்தையே. ஏல் வகைப் பீருக்கான ஈஸ்ட்டுக்கு 18 முதல் 20 டிகிரி வரை உகந்தது. 26-இல் பாய்ந்து ஓடிவிட்டு, வேகம் தணிந்த வேளையில் 16 டிகிரிக் குளிரில் சிக்கியதால், அது வேலையை முடிக்காமலே அடியில் படிந்துவிட்டது என்றே கருதுகிறேன்.

கலனை 20 அல்லது 21 டிகிரிக்குக் கொண்டுவந்து, மூடியைத் திறக்காமலும் பீர் அலம்பாமலும் மெல்லச் சுழற்றி, படிந்த ஈஸ்ட்டை எழுப்பிவிடுங்கள். ஆப்பிள் வாடைக்குக் காரணமான அசிட்டால்டிஹைடை ஈஸ்ட்டே பெரும்பாலும் திரும்ப எடுத்துக்கொள்ளும் என்பதால், கொட்டும் பேச்சுக்கே இடமில்லை. ஆனால் 26 டிகிரியில் உண்டான காட்டமான ஆல்கஹால் நெடி இருந்தால் அது எளிதில் போகாது.

மறுமொழி 3:
மேலே சொன்னதுடன் உடன்படுகிறேன். ஆனால் ஈஸ்ட்டையும் கவனியுங்கள். கிட்டில் வரும் பொட்டலம் ஐந்து முதல் ஏழு கிராம் வரையே இருக்கும். டின் வெயில்பட்ட கிடங்கில் நெடுநாள் கிடந்திருந்தால் அதிலும் ஒரு பங்கு செத்திருக்கும். அடுத்த முறை 11 கிராம் பொட்டலம் ஒன்றைத் தனியாக வாங்கி, ஈஸ்ட்டை இடுவதற்கு முன் மட்டும் கரைசலை நன்றாகக் கலக்கிக் காற்றேற்றுங்கள்; நொதித்தல் தொடங்கிய பின் புகும் காற்று பீரைக் கெடுக்கும். சர்க்கரையில் பாதியையாவது உலர் மால்ட் சாறாக மாற்றினால் பீர் நீர்த்துப் போகாது.

இப்போதைக்கு, இரண்டு மூன்று நாள் இடைவெளியில் இருமுறை அளந்து, 1.010 அளவிலோ அதற்குக் கீழோ அடர்த்தி அசையாமல் நின்றால் அடையுங்கள்.