மறு: எபிஜெனடிக் மாற்றம் – ‘புறமரபு’ சரிவருமா?

> பரம்பரை நோய்கள் பற்றிய கட்டுரையில் இந்தச் சொல் அடிக்கடி வருகிறது. ‘புறமரபு மாற்றம்’ என்று எழுதலாமா?

வணக்கம் ஐயா.

டி.என்.ஏ. எழுத்து வரிசை மாறாமல், அதன் மேல் உள்ள வேதிக் குறிகள் மாறி மரபணு இயங்கும் விதம் மாறுவதுதான் எபிஜெனடிக் மாற்றம். அதற்குப் ‘புற’ என்பது எனக்கு உறுத்துகிறது. படிப்பவர் உடனே உணவு, புகை என்று வெளிக் காரணங்களைத்தான் நினைப்பார். பதினைந்தாம் குரோமோசோமில் தந்தைவழிப் படியிலிருந்து (தந்தையிடமிருந்து வந்த நகலிலிருந்து) ஒரு துண்டு அறுந்துபோனால் பிராடர்-வில்லி நோய்த்தொகை. அதே துண்டு தாய்வழிப் படியில் இல்லாமல் போனால் ஏஞ்சல்மன் நோய்த்தொகை. இரண்டும் முற்றிலும் வேறு நோய்கள். கருமுட்டையும் விந்தணுவும் உருவாகும்போதே மெத்தில் குறிகள் (டி.என்.ஏ. மேல் ஒட்டும் சிறு வேதிக் குழுக்கள்) வெவ்வேறாக இடப்பட்டுவிடுவதால் வரும் வேறுபாடு இது. இதில் புறம் எங்கே?

1942இல் உயிரியலாளர் வாடிங்டன் இத்துறைக்குப் பெயர் வைத்தபோது எடுத்துக்கொண்ட ‘எபி’ என்ற கிரேக்க முன்னொட்டுக்கு ‘மேல்’ என்றே பொருள். ‘மேல்மரபு’ போதும்.

‘மாற்றம்’ என்பதிலும் சிக்கல் உண்டு. டி.என்.ஏ. எழுத்து வரிசை மாறுவதை ஏற்கெனவே திடீர்மாற்றம் என்கிறோம். வரிசை மாறாமல் மேலே உள்ள குறி மட்டும் மாறுவதை ‘மேல்மரபுக் குறிமாற்றம்’ எனலாம். சொல் நீளம்தான், ஆனால் ஃபிராஜைல் எக்ஸ் நோயை எழுதிப் பாருங்கள்: சி.ஜி.ஜி. என்ற மூன்றெழுத்து 200 முறைக்கு மேல் தொடர்ந்து வருவது திடீர்மாற்றம், அதனால் எஃப்.எம்.ஆர்.1 மரபணுவின் முன்பகுதியில் மெத்தில் ஏறி, அது புரதம் செய்யாமல் வாயடைத்துப் போவது குறிமாற்றம். ஒரே நோயில் இரண்டும் அடுத்தடுத்து நடக்கின்றன. இரண்டையும் ‘மாற்றம்’ என்றால் வாசகர் தலையைப் பிய்த்துக்கொள்வார்.

இம்பிரின்டிங்குக்கு, அதாவது மேலே சொன்னபடி தாய்வழி, தந்தைவழிப் படிகளில் குறிகள் வெவ்வேறாக இடப்படுவதற்கு, ‘பெற்றோர்வழி முத்திரை’. ‘பதிவு’ என்றால் பத்திரப் பதிவு நினைவுக்கு வரும். மரபணு வாயடைப்பதற்குச் சிலர் ‘அடக்கம்’ என்கிறார்கள். நோய்க் கட்டுரையில் அந்தச் சொல் வேண்டவே வேண்டாம்! ‘ஒடுக்கம்’ இருக்கட்டும்.

---

அம்மா, குறிமாற்றத்தை ஏற்கிறேன். ஒன்று கேட்க வேண்டும். பிராடர்-வில்லியில் பெரும்பாலானோருக்குத் துண்டுதான் போகிறது. தாய்வழிப் படியில் முத்திரை இருக்க வேண்டியபடியே இருக்கிறது. அங்கே அந்த மரபணுக்கள் ஒடுங்கியிருப்பது இயல்பு. இயங்கிய படி போய்விட்டதால் நோய். இதைக் குறிமாற்றம் என்று எழுதினால் பிழையாகாதா?

---

ஆகும் ஐயா. அந்த நோய்த்தொகைகளைப் பொதுவாக ‘முத்திரைசார் நோய்கள்’ என்றே எழுதுங்கள். துண்டு அப்படியே இருந்தும் முத்திரை தவறி விழுந்த சிலர் உண்டல்லவா, அவர்களுக்கு மட்டும் ‘முத்திரைப் பிழை’. குறிமாற்றம் என்ற சொல்லும் அங்கேதான் பொருந்தும்.