முதுகு வலியும் பனியன் கம்பெனி ஸ்டூலும்

திருப்பூரிலிருந்து:

வணக்கம்ங்க. பனியன் கம்பெனியில், துணி ஓரத்தைச் சேர்த்துத் தைக்கிற ஓவர்லாக் மெஷினில் டெய்லராக இருக்கிறேன். காலை 8.30க்கு மெஷினில் உட்கார்ந்தால், ஒன்றரை ஷிப்ட் முடிந்து எழும்போது இரவு 8.30 ஆகிவிடும். எங்கள் லைனில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழாத ஆளே இல்லை. தைலம் தேய்த்துக்கொண்டு மறுநாள் வந்துவிடுவோம். எனக்கு வலி இடுப்பிலிருந்து இறங்கி, கெண்டைக்கால் வரை சுரீரென்று இழுக்க ஆரம்பித்ததும் இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீட்டு) ஆஸ்பத்திரியில் காட்டினேன்.

பிசியோதெரபி அக்கா முதலில் முதுகைத் தொடவே இல்லை. "இந்த ஸ்டூல்ல உட்கார்ந்து, எப்படித் தைப்பீங்கன்னு காட்டுங்க" என்றார். காட்டினேன். தலை முன்னால் நீண்டு, முதுகு வில்லாக வளைந்து, வலது கால் பெடலை எட்டிப் போயிருந்தது. "ஸ்டூல் தாழ்வு, பெடல் தூரம். இடுப்பு என்னங்க செய்யும்?" என்றார்.

மெக்கானிக் அண்ணனிடம் சொல்லி பெடலை என் பக்கம் இழுத்து வைத்தோம். முழங்காலைவிட இடுப்பு கொஞ்சம் மேலே வரும்படி, பனியன் வேஸ்ட்டை அடைத்துத் தைத்த மெத்தையை ஸ்டூலில் போட்டேன். ஊசிக்கு நேராக ஒரு விளக்கும் கேட்டு வாங்கினேன், வெளிச்சம் குறைந்தால் குனிவது தானாக வந்துவிடும். தரையில் கிடந்த, தைக்க வேண்டிய துணிப் பண்டலை இப்போது பெட்டி மேல் வைக்கிறார்கள். ஒரு பண்டல் முடிந்ததும் எழுந்து, இடுப்பில் கை வைத்துப் பின்பக்கம் நன்றாக வளைந்துவிட்டு உட்காருவேன். பீஸ் ரேட்டில் (ஒரு பீஸுக்கு இவ்வளவு என்ற கூலியில்) தைப்பவர்கள் நேரம் போகுதே என்பார்கள். அரை நிமிஷம்தான். மத்தியானத்துக்கு மேல் கை ஓடுகிற வேகத்தில் அந்த நேரம் திரும்பி வந்துவிடுகிறது.

வலி முழுசாகப் போகவில்லை. காலுக்கு இறங்குவது நின்றுவிட்டது.

சோமனூரிலிருந்து:

தறிக்குடோனில் எங்களுக்கு நிற்கிற வேலைங்க. சிமென்ட் தரை. காலடியில் ஒரு செங்கல் போட்டு, ஒரு காலை மாற்றி ஒரு காலை அதில் வைத்து நிற்கிறேன், இடுப்புக்கு நல்ல ஆறுதல். அப்புறம், பாவு பீமை (பாவு நூல் சுற்றிய கனமான உருளையை) ஒற்றை ஆளாகத் தூக்கவே தூக்காதீங்க.

ஈரோட்டிலிருந்து:

மஞ்சள் மண்டியில் மூட்டை தூக்குகிறேன். ஒரு ஆள் தூக்கும் எடை 55 கிலோவுக்கு மேல் போனால் அதைக் குறைக்க வேண்டும் என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967லேயே பரிந்துரைத்திருக்கிறது. இங்கே வருகிற மூட்டைகளில் அதைத் தாண்டியவையும் உண்டு. லாரித் தட்டில் தோள் உயரத்தில் இருக்கும் மூட்டை அவ்வளவாக வலிக்காது. தரையில் கிடப்பதுதான் முதுகை வாங்கும். அதனால் தரை மூட்டையை இரண்டு பேர் தூக்கி விட்டால்தான் எடுப்பேன். சுமையோடு இடுப்பை முறுக்காமல், பாதத்தைத் திருப்பித்தான் திரும்புவேன்.

முதுகு பிடித்துக்கொண்டால் நாள் கணக்கில் படுத்துக் கிடக்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். முடிந்த அளவு நடமாடினால்தான் சீக்கிரம் சரியாகுமாம். எனக்கு அப்படித்தான் ஆனது.

இன்னொன்றை அவசியம் சொல்ல வேண்டும். கூட வேலை செய்யும் அண்ணனுக்கு முதுகு வலியோடு தொடை இடுக்கு மரத்துப்போய், சிறுநீர் இறங்காமல் நின்றுவிட்டது. சுளுக்கு வழிக்கக் கூட்டிப் போகலாம் என்றார்கள் வீட்டில். நாங்கள் விடவில்லை, நேராகக் கோயமுத்தூருக்கு வண்டி பிடித்தோம். அன்றைக்கு ராத்திரியே ஆபரேஷன். இன்னும் தாமதித்திருந்தால் சிறுநீரை அடக்கும் சக்தியும் காலும் மீளாமல் போயிருக்கும் என்றார் டாக்டர். அந்த இடம் மரத்தாலோ, ஒண்ணுக்கு ரெண்டுக்குக் கட்டுப்பாடு போனாலோ, கால் துவண்டாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீங்க.