மெய்நிகர் உலகில் தொட்டுப் பார்த்த அனுபவங்கள்

மெய்நிகர் உலகில் தெரியும் பொருள்களைத் தொட்டுணர வைக்கும் கருவிகளில், கையில் பிடிக்கும் கன்ட்ரோலரின் அதிர்வைப் பற்றி இந்தத் திரியில் நிறையச் சொல்லிவிட்டார்கள். நான் விரல்களைத் தடுத்துப் பிடிக்கும் விசைக் கையுறையைப் பற்றிச் சொல்கிறேன். நான் அணிந்ததில் ஒவ்வொரு விரலின் பின்புறமும் ஒரு மெல்லிய கம்பி ஓடியது. கண்ணில் மாட்டிய ஹெட்செட்டில் தெரியும் பொருளைப் பிடித்ததும் உள்ளேயிருக்கும் பிரேக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. விரல் அதற்குமேல் மடங்குவதில்லை. ஒரு பந்தைப் பிடித்தேன். கையில் ஒன்றுமில்லை என்று தெரிந்திருந்தும் விரல்கள் நம்ப மறுத்தன. அந்தக் கணம் உண்மையிலேயே அசத்தல்.

அடுத்து, எதிரே தெரிந்த மேசைமீது கையை ஊன்றினேன். கை மேசைக்குள் இறங்கிப் போய்விட்டது! கையுறை என் கையோடுதான் கட்டப்பட்டிருக்கிறது, தரையோடு அல்ல; விரலைத் தடுக்க முடிந்த அதனால் தோளையும் முழங்கையையும் தடுக்க முடியாது. எடையும் அப்படித்தான். இரும்புக் குண்டும் காகிதப் பந்தும் ஒரே கனம். விளம்பரங்களில் எல்லோரும் எதையாவது பிடித்துக்கொண்டே நிற்கிறார்கள், யாரும் எதன்மீதும் சாய்வதில்லை. ஏனென்று இப்போது புரிகிறது.

இன்னொன்று: உள்ளே அணிய மெல்லிய பருத்தி உறை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முந்தையவரின் வியர்வை மெய்நிகர் அல்ல.

* * *

கையை ஊன்றிப் பார்க்க வேண்டுமானால் மேசையில் பொருத்திய கருவிதான் சரி. பல் மருத்துவப் பயிற்சிக்கான ஒன்றில் வேலை செய்திருக்கிறேன். இயந்திரக் கையின் நுனியில் பேனா போன்ற பிடி; அதன் வழியே கருவி நம் கையை எதிர்த்துத் தள்ளும். பல்லின் மேல்பூச்சில் துளையிடும்போது கை திணறும். சொத்தைப் பகுதிக்கு வந்ததும் சட்டென்று உள்ளே வழுக்கும். படம் வினாடிக்கு 90 முறை மாறினால் கண்ணுக்குப் போதும். கைக்குத் தரும் விசையையோ வினாடிக்கு ஏறத்தாழ 1000 முறை கணக்கிட வேண்டியிருக்கிறது. கணினி திணறிய ஒரு நாள் கெட்டியான பல் கையில் வெடவெடவென்று நடுங்கியது. அதன்பின் மற்ற நிரல்களையெல்லாம் மூடிவிட்டுத்தான் தொடங்குவேன்.

* * *

கையில் எதையும் மாட்டாமல், காதுக்குக் கேட்காத ஒலியால் தொடும் மீயொலிப் பலகையை முயன்றவர் உண்டா? 40 கிலோஹெர்ட்ஸ் ஒலியை உள்ளங்கையில் குவிக்கிறது. அவ்வளவு வேகமான அதிர்வைத் தோல் உணராது என்பதால் அதன் வலிமையை வினாடிக்கு ஏறத்தாழ 200 முறை ஏற்றி இறக்குகிறார்கள். உதட்டைக் குவித்து ஊதினாற்போல் இருந்தது, அவ்வளவுதான். பொத்தானை அழுத்தியது தெரிகிறது, பொத்தான் தெரியவில்லை.

* * *

மேசைக்குள் கை போனவருக்கு: சில மென்பொருள்களில் நிஜக் கை கீழே போனாலும் திரையில் தெரியும் கையை மேசைமீதே நிறுத்திவிடுவார்கள். தொட்ட கணத்தில் விரல்நுனியில் ஒரு சிறு அதிர்வும் சேர்ந்தால், இரண்டு மூன்று சென்டிமீட்டர் வரை எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. அதற்குமேல் அழுத்தினால் குட்டு வெளிப்பட்டுவிடுகிறது.