நாள்பட்ட பைலோனிடல் சைனஸ்: எந்த அறுவை சிகிச்சை யாருக்குப் பொருந்தும்?

அறுவை சிகிச்சை மருத்துவர்:
பிட்டப் பள்ளத்தில் உதிர்ந்த முடி தோலுக்குள் புகுந்து உண்டாக்கும் துளையும் சீழ்ப் பாதையும்தான் பைலோனிடல் சைனஸ். எவ்வளவு சதையை வெட்டி எடுத்தார்கள் என்பதைவிட, தையல் எங்கே விழுகிறது என்பதுதான் இந்த நோயில் முக்கியம். பிட்டப் பள்ளத்தின் நடுக்கோட்டிலேயே நேராகத் தைத்து மூடினால் வியர்வை, உராய்வு, உதிர்ந்த முடி மூன்றும் அந்தத் தழும்பையே தாக்கும். திரும்பத் துளை விழும். நடுக்கோட்டிலிருந்து விலகித் தைத்தால் சீக்கிரம் ஆறும், நோய் திரும்புவதும் குறையும். பல ஆய்வுகளைச் சேர்த்து மதிப்பிட்டு 2010-இல் வெளிவந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு இதைத் தெளிவாகவே சொன்னது. அதன்பிறகும் நடுக்கோட்டில் தைப்பதற்கு நியாயமே இல்லை.

கரிடாகிஸ் முறையில் நீள்வட்டமாக, ஒரு பக்கம் தள்ளி வெட்டுவோம். அதன் இரு முனைகளும் நடுக்கோட்டிலிருந்து சுமார் 2 செ.மீ. விலகியிருக்க வேண்டும். நடுக்கோட்டை ஒட்டிய ஓரத்தைக் கொழுப்போடு சேர்த்துப் பெயர்த்து, எதிர் ஓரம்வரை இழுத்துத் தைப்போம். பள்ளம் மேடாகிவிடுவதால் முடி தங்க இடமில்லை. சைனஸின் கிளைகள் பல பக்கம் ஓடியிருந்தால் லிம்பர்க் முறை. 60, 120 பாகைக் கோணங்களில் சாய்சதுரமாக வெட்டி, பக்கத்துத் தோலைத் திருப்பி அந்த இடத்தை நிரப்புவது. இதில் இடறுவது கீழ்முனை. அது ஆசனவாய்க்கு அருகே நடுக்கோட்டிலேயே நின்றால் ஈரத்தில் ஊறித் தையல் பிரியும். அதனால் 1-2 செ.மீ. பக்கவாட்டில் தள்ளியே வரைய வேண்டும். தழும்பு பெரிதாகத் தெரியும், தோல் கொஞ்சம் மரத்துப்போகும். இதை ஆபரேஷனுக்கு முன்பே நோயாளியிடம் சொல்லிவிட வேண்டும்.

புண் பராமரிப்புச் செவிலியர்:
தைக்காமல் திறந்தே விட்ட புண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், டாக்டர். இரண்டு மூன்று மாதம், பெரிய புண்ணானால் அதற்கு மேலும் ஆகும். டிரெஸ்ஸிங் துணியைத் தளர்வாக வைக்க வேண்டும். இறுக்கி அடைத்தால் அடியில் சதை வளராது. மேலோட்டமாக வைத்தால் மேல்தோல் முந்திக்கொண்டு மூடி, உள்ளே பொந்து நிற்கும். ஒவ்வொரு முறையும் நல்ல வெளிச்சத்தில் புண்ணின் அடியைப் பாருங்கள். சிவந்த சதைக்குள் ஒற்றைக் கறுப்பு முடி படுத்திருக்கும். இடுக்கியால் எடுக்காமல் விட்டால் அந்த இடம் ஆறவே ஆறாது. பெரும்பாலும் அது முதுகிலிருந்தோ தலையிலிருந்தோ உதிர்ந்து வந்ததுதான். அதனால் முடிவெட்டிய அன்று முதுகோடு சேர்த்து நன்றாகக் குளிக்கச் சொல்கிறோம்.

பகல்நேர அறுவைப் பிரிவு மருத்துவர்:
துளைகள் இரண்டு மூன்றுதான், பக்கக் கிளை இல்லை என்றால் எடுத்த எடுப்பில் ஃபிளாப்புக்கு, அதாவது பக்கத்துத் தோலை இழுத்தோ திருப்பியோ மூடும் கரிடாகிஸ், லிம்பர்க் போன்ற முறைகளுக்கு, போக வேண்டாம். பிட் பிக்கிங் என்ற சிறு அறுவை முறையில் அந்த இடத்தை மட்டும் மரக்கவைத்து, நடுக்கோட்டுத் துளைகளைச் சில மில்லிமீட்டர் அளவில் வட்டமாக எடுத்து, பக்கவாட்டில் சிறு கீறல் போட்டு உள்ளறையைச் சுரண்டிச் சுத்தம் செய்கிறோம். அன்றே வீட்டுக்குப் போகலாம். ஃபிளாப்பைவிட நோய் அதிகம் திரும்பும், உண்மைதான். ஆனால் பிறகு எந்த ஆபரேஷனுக்கும் வழி அடைபடாது. லேசர், ஃபீனால் என்ற அரிக்கும் ரசாயனம், எண்டோஸ்கோப் என்ற உள்நோக்குக் குழாய் எதுவானாலும் முதலில் பாதைக்குள்ளிருக்கும் முடி முழுவதும் வெளியே வர வேண்டும். முடிக்கொத்தை விட்டுவிட்டு லேசர் பாய்ச்சினால் வெளித்துளை மூடிச் சீழ் உள்ளே சேரும். ஃபீனால் வைக்குமுன் சுற்றுத்தோலில் வாசலின் தடவாவிட்டால் தோல் வெந்துவிடும்.

அறுவை சிகிச்சை மருத்துவர்:
சீழ்க்கட்டியோடு வருபவருக்கு அன்றே ஃபிளாப் போடாதீர்கள். நடுக்கோட்டைத் தவிர்த்துப் பக்கத்தில் கீறிச் சீழை வெளியேற்றி, வீக்கம் முழுவதும் வடிந்த பிறகு முடிவு செய்யலாம். "ஒரு வருடமாகத் திரும்பவில்லை" என்பதை வைத்து எந்த முறையையும் மெச்ச வேண்டாம். ஐந்து வருடத்துக்குப் பிறகும் நோய் திரும்புவது உண்டு. வெட்டி எடுத்த திசுவைப் பயாப்சிக்கு அனுப்புங்கள். பல வருடம் ஆறாத சைனஸில் புற்றுநோய் அபூர்வமாக வருகிறது.

புண் பராமரிப்புச் செவிலியர்:
ஃபிளாப் போட்டவர்கள் முதல் இரண்டு வாரம் நேராக அழுந்தி உட்காரக் கூடாது. ஒருக்களித்தோ குப்புறவோ படுக்கலாம். உள்ளே சேரும் நீர் வடிய வைக்கும் டிரெயின் குழாய் இருந்தால் வடியும் அளவை அன்றாடம் குறித்துவையுங்கள். திடீரென நின்றுபோய் அந்த இடம் மெத்தென்று வீங்கினால் உள்ளே நீர் கோத்திருக்கிறது என்று அர்த்தம், அன்றே காட்ட வேண்டும். ஆறிய பிறகு முடியை அகற்ற ரேசரை வழக்கமாக்கிக்கொள்ளாதீர்கள், அது நோய் திரும்புவதைக் கூட்டுவதாகவே தெரிகிறது. முடி அடர்த்தியாக இருப்பவர்கள் முடி நீக்கும் லேசர் பற்றி மருத்துவரிடம் கேட்கலாம்.