மக், விண்டோஸ், பழைய ரீவி: மூன்றிலும் ஓட ஒரு வீடியோ பைல்

வணக்கம். கிளிநொச்சியில கலியாண வீடியோ எடுக்கிறன். போன மாசம் புதுக்குடியிருப்பில எடுத்த கலியாணம், 2 மணி 40 நிமிசம். பொம்பிளையின்ர அண்ணாவிட்ட ஆப்பிள் மக் கொம்பியூட்டர். மாப்பிளையிட்ட விண்டோஸ் 10 லாப்ரொப். அம்மா அப்பா பாக்கிறது வீட்டில இருக்கிற பழைய ரீவியில.

முதல் 4கே தெளிவில, எச்.265 எண்ட புது அமுக்கல் முறையில எடுத்தன், 24 ஜிபி. மக்கில நல்லா ஓடுது, லாப்ரொப்பில சத்தம் மட்டும், படம் கறுப்பு. பிறகு அதுக்கு முந்தின எச்.264 முறையில, 1080 தெளிவில, எம்பி4 பைலா, 9.6 ஜிபி. ரெண்டு கொம்பியூட்டரிலயும் ஓடுது. ஆனா பென்ரைவை எக்ஸ்பட்டில (exFAT, பென்ரைவில பைல்களை ஒழுங்குபடுத்தி வைக்கிற ஒரு முறை) போமட் பண்ணினா ரீவி பிடிக்குதில்லை, என்ரிஎப்எஸ் (NTFS) முறையும் அப்பிடித்தான். பட்32 (FAT32) முறை எண்டா ரீவி எடுக்கும், 4 ஜிபிக்கு மேல ஒரு பைல் ஏறாது. மூண்டாப் பிரிச்சுப் போட்டன். தாலி கட்டுற நேரத்தில படம் நிண்டு அடுத்த பைலைத் தேட வேண்டியிருக்கு. அந்த அம்மாவுக்கு அப்பிடிக் குடுக்க எனக்கு மனம் வரேல்லை. 4 ஜிபிக்குள்ள அமுக்கினா முகமெல்லாம் கட்டம் கட்டமா வருது. இணையத்தில ஏத்தவும் பாத்தன், ரெண்டு தரம் பாதியில நிண்டுட்டுது.

அண்ணா ஞாயிற்றுக்கிழமை ரொறன்ரோ போறார். பிரிக்காமல், முகம் கெடாமல் மூன்றிலும் ஓட எந்த போமட்டில, என்ன பிட்ரேட்டில (ஒரு செக்கன் வீடியோவுக்கு எவ்வளவு டேட்டா) குடுக்கலாம்?