ஷேர்பாயிண்ட் கோப்புகள்: ஒரே டேட்டாபேஸா, பிரிக்கலாமா?

வணக்கம் நண்பர்களே. பினாங்கு பாயான் லெப்பாசில் ஒரு தொழிற்சாலையின் ஷேர்பாயிண்ட் (மைக்ரோசாஃப்ட்டின் கோப்புப் பகிர்வு மென்பொருள்) சர்வரைப் பார்த்துக்கொள்கிறேன். வரைபடம், சம்பளச் சீட்டு, கொள்முதல் கோப்பு எல்லாம் ஒரே கன்டென்ட் டேட்டாபேஸில் (ஷேர்பாயிண்ட் கோப்புகளைச் சேமிக்கும் டேட்டாபேஸ்), 340 ஜிபி. இரவு ஆரம்பிக்கும் பேக்கப் காலை 8 மணிக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. பிரித்தால் வேகம் கூடுமா, சம்பள விவரத்துக்குப் பாதுகாப்பும் கிடைக்குமா?

பதில் 1:
கட்டாயம் பிரியுங்கள் தம்பி. சாதாரணப் பயன்பாட்டுக்கு ஒரு டேட்டாபேஸ் 200 ஜிபியைத் தாண்ட வேண்டாம் என்பதுதான் மைக்ரோசாஃப்ட்டின் பரிந்துரை. ஆனால் ஒரே சைட் கலெக்‌ஷனை (ஒன்றாக நிர்வகிக்கும் தளங்களின் தொகுப்பு) இரண்டு டேட்டாபேஸில் வைக்க முடியாது, அதனால் முதலில் துறைவாரியாகத் தனி சைட் கலெக்‌ஷன் வேண்டும், அப்புறம் மூவ்-எஸ்பிசைட் (Move-SPSite) கட்டளையால் நகர்த்தலாம். நகர்த்திய பிறகும் பழைய டேட்டாபேஸ் ஃபைல் தானாகச் சுருங்காது. எல்லாவற்றையும் ஒரே வட்டில் வைத்தால் வேகத்தில் பெரிய மாற்றம் தெரியாது. பேக்கப், ரெஸ்டோர்தான் நிச்சயம் எளிதாகும்.

பதில் 2 (கோலாலம்பூரிலிருந்து):
அண்ணன் சொன்னது சரி, ஆனால் பாதுகாப்பு விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள். ஒரே வெப் அப்ளிகேஷனுக்கு (சைட் கலெக்‌ஷன்களைத் தாங்கும் இணையத்தளம்) கீழே பத்து டேட்டாபேஸ் இருந்தாலும் அத்தனையையும் திறப்பது ஒரே ஆப் பூல் கணக்குதான் (அந்த வெப் அப்ளிகேஷன் எந்தப் பெயரில் ஓடுகிறதோ அந்தச் சர்வர் கணக்கு). சம்பளக் கோப்புக்குத் தனி வெப் அப்ளிகேஷன், தனிக் கணக்கு கொடுங்கள். அந்த டேட்டாபேஸுக்கு மட்டும் டிடிஇ குறியாக்கம் (வட்டில் உள்ள டேட்டாபேஸ் ஃபைலையே பூட்டும் வசதி) போடலாம், ஷேர்பாயிண்ட் பயன்படுத்தும் டேட்டாபேஸ் மென்பொருளான எஸ்க்யூஎல் சர்வரில் 2019 முதல் ஸ்டாண்டர்ட் பதிப்பிலேயே இருக்கிறது. குறியாக்கச் சாவியைக் காக்கும் சான்றிதழை வேறு இடத்தில் பத்திரப்படுத்துங்கள், அது போனால் பேக்கப் இருந்தும் திறக்காது. நம் மலேசியாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010-உம் இந்த விவரங்களைப் பாதுகாக்கச் சொல்கிறது.

கேட்டவர்:
ரொம்ப நன்றி. சனிக்கிழமை இரவு சம்பளப் பிரிவிலிருந்து ஆரம்பிக்கிறேன்.