முதல் சலவையிலேயே மூன்று அங்குலம் போச்சு: சின்ன பிராண்டில் இனி வாங்கலாமா?

கட்டம்போட்டசட்டை எழுதியது:

வருஷத்துக்கு நாலு சட்டை வாங்கி, வருஷக் கடைசியில் நாலும் தரை துடைக்கப் போவதைப் பார்த்து அலுத்துவிட்டது. இந்த முறை குறைவாக வாங்குவோம், நல்லதாக வாங்குவோம் என்று, இரண்டு மூன்று பேர் சேர்ந்து நடத்தும் ஒரு சின்ன பிராண்டில் ஒரு ஜீன்ஸும் வெள்ளை ஆக்ஸ்ஃபோர்டு சட்டை ஒன்றும் எடுத்தேன். கையில் எடுத்தவுடனே கனம் தெரிந்தது, உள்பக்கத் தையலும் வெளிப்பக்கம் மாதிரியே சுத்தமாக இருந்தது. மூன்று வாரம் சந்தோஷமாகப் போட்டுவிட்டு, வழக்கம்போல எல்லாத் துணியோடும் சேர்த்து வெந்நீரில் துவைத்து டிரையரிலும் போட்டேன். ஜீன்ஸ் கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டது. அளந்தால் 32 அங்குலக் கால் நீளத்தில் மூன்று அங்குலம் காணோம். வெள்ளைச் சட்டை இப்போது வெளிர் நீலம்.

அவர்களிடம் கேட்டேன். "சான்ஃபரைஸ் செய்யாத துணி என்று போட்டிருக்கிறோமே" என்றார்கள். போட்டிருந்தது உண்மைதான், ஆனால் அந்த வார்த்தைக்கு எனக்கு எப்படி அர்த்தம் தெரியும்? தப்பு என் மேலா, அவர்கள் மேலா? சட்டையைக் காப்பாற்ற வழி உண்டா? அடுத்த தடவை எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

பாவும்ஊடும் எழுதியது:

துணி வேலையில் இருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தறியில் பாவு நூலை, அதாவது நீளவாக்கில் ஓடும் நூலை, விறைப்பாக இழுத்துக் கட்டித்தான் நெய்வார்கள். அந்த இழுப்பு துணிக்குள்ளேயே தங்கிவிடும். முதல் தடவை தண்ணீர் பட்டதும் பருத்தி இழை உப்பி, இழுப்பு தளர்ந்து, நூல் தன் பழைய நிலைக்குத் திரும்பும். அதைத்தான் சுருங்கிவிட்டது என்கிறோம். பாவு ஓடும் திசையில்தான் இது அதிகம், ஜீன்ஸில் கால் நீளம் அந்தத் திசை. பதப்படுத்தாத டெனிம், அதாவது ஜீன்ஸ் துணி, 7 முதல் 10 சதவீதம் வரை சுருங்கும், உங்கள் மூன்று அங்குலம் கணக்குக்குச் சரியாக வருகிறது. சான்ஃபர்ட் க்ளூவெட் என்பவர் 1930 வாக்கில் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். ஆவி காட்டிய துணியை ரப்பர் பட்டையோடு சேர்த்து அழுத்தி, ஆலையிலேயே முன்கூட்டிச் சுருக்கிவிடுவது. சான்ஃபரைஸ் என்ற பெயர் அவருடையதுதான். அப்படிச் செய்த துணி துவைக்கும்போது ஒரு சதவீதம் அளவுக்குத்தான் மாறும். சிலர் வேண்டுமென்றே அது செய்யாத துணியைத் தேடி வாங்குகிறார்கள், அதன் சொரசொரப்பு அவர்களுக்குப் பிடிக்கும். தெரிந்து வாங்கினால் நல்ல துணி, தெரியாமல் வாங்கினால் அரைக்கால் சட்டை.

சாயத்துக்கு வருவோம். நீலச் சாயம், அதாவது அவுரி, நூலின் உள்ளே போவதில்லை, மேலே படலம் படலமாக ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு நூலை அறுத்துப் பாருங்கள், நடுவில் வெள்ளையாக இருக்கும். அதனால் உரசினால் உதிரும், அழகாக வெளிறவும் செய்யும். வினிகர், உப்பு போட்டால் சாயம் நிற்கும் என்று யாராவது சொல்ல வருவார்கள், வேண்டாம். வினிகர் கம்பளிக்கும் பட்டுக்கும் போடும் அமிலச் சாயத்தோடு சேர்ந்த சமாசாரம், பருத்தி மேல் இருக்கும் அவுரியை அது ஒன்றும் செய்யாது.

சட்டைக்கு வழி இருக்கிறது. சாயப்பட்டறைக்காரர்கள் ஹைட்ரோஸ் என்று சொல்லும் சோடியம் டைதையோனைட் கலந்த நிறம் நீக்கி கிடைக்கும். சாயம் ஏற்றும்போது அவுரியைத் தண்ணீரில் கரைய வைப்பதும் இதே பொருள்தான், இங்கே அதையே திருப்பிப் பயன்படுத்துகிறோம். பாக்கெட்டில் எழுதியிருக்கும் அளவும் சூடும் தாண்டாதீர்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள், நாற்றம் அடிக்கும். ஊற வைத்து எடுத்த கையோடு நிறையத் தண்ணீரில் அலசிவிட வேண்டும். அலசாமல் காற்றுப் பட விட்டால் கரைந்த சாயம் மறுபடி நீலமாகத் திரும்பிவிடும். வெள்ளைச் சட்டைக்கு மட்டும் இது, வேறு நிறத்துக்குப் போட்டால் அந்த நிறமும் போய்விடும்.

அரைஅங்குலம் எழுதியது:

மேலே சொன்னதில் தப்பில்லை, ஆனால் பிராண்டை இவ்வளவு லேசாக விட்டுவிட எனக்கு மனசில்லை. "சான்ஃபரைஸ் செய்யாதது" என்று ஒரு வரி எழுதினால் கடமை முடிந்ததா? "துவைத்தால் மூன்று அங்குலம் குறையும், ஒரு அளவு பெரிதாக எடுங்கள்" என்று எழுத எவ்வளவு நேரம் ஆகும்? சின்ன பிராண்டு என்றாலே புனிதம் என்று ஒரு கூட்டம் சுற்றுகிறது, நானும் அதில் இருந்து இரண்டு முறை சூடுபட்டவன்தான். ஒரு தடவை வாங்கிய கோட்டில் மார்புப் பக்கம் பசை வைத்து ஒட்டிய உள்துணி. நாலாவது சலவையில் குமிழ் குமிழாகக் கிளம்பி, அம்மை போட்ட மாதிரி ஆகிவிட்டது. உள்ளே கேன்வாஸ் வைத்துத் தைத்ததா, ஒட்டியதா என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

இப்போது எதை வாங்கினாலும் மீடியம், லார்ஜ் என்ற எழுத்தை நம்புவதில்லை. எனக்குக் கச்சிதமாக இருக்கும் சட்டையைத் தரையில் விரித்து அக்குளில் இருந்து அக்குள் வரை, தோள், கை, முதுகு நீளம் எல்லாம் அளந்து வைத்திருக்கிறேன். உடம்பு அளவு வேண்டாம், தைத்த சட்டையின் அளவைத் தாருங்கள், அதுவும் துவைத்த பிறகு உள்ளதைத் தாருங்கள் என்று எழுதிக் கேட்பேன். உருப்படியான சின்ன பிராண்டில் தைப்பவரே பதில் போடுவார். பதில் வரவில்லையா, நானும் வாங்குவதில்லை. இன்னொன்று, இவர்கள் பெரும்பாலும் ஆலையில் மிஞ்சிய தான்களை, அதாவது முழுத் துணிச் சுருள்களை, வாங்கித் தைப்பவர்கள். அந்தத் தான் தீர்ந்தால் அந்த நிறம் தீர்ந்தது, "அடுத்த மாசம் பார்க்கலாம்" என்று இருந்தால் கிடைக்காது. இதைச் சொல்லியே அவசரப்படுத்துபவர்களும் உண்டு, அது வேறு கதை.

பழையகாலர் எழுதியது:

ஜீன்ஸ் போனது போனதுதான். அடுத்து அந்த மாதிரித் துணி எடுத்தால், கடையில் அடிமடிப்பு தைத்துக்கொண்டு வராதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் உள்பக்கம் வெளியே திருப்பி முக்கால் மணி நேரம் ஊற வைத்து, கொடியில் காய வைத்து, போட்டுப் பார்த்த பிறகு மடித்துத் தையுங்கள். இடுப்பு போடப் போடக் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும், கால் நீளம் கொடுக்காது.

சட்டை வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது காஜா, அதாவது பொத்தான் துளை. நூல் பிசிறு இல்லாமல் நெருக்கமாக அடித்திருந்தால் மற்றதையும் ஒழுங்காகத்தான் தைத்திருப்பார்கள் என்று ஒரு நம்பிக்கை, பெரும்பாலும் பொய்க்கவில்லை. அப்புறம் பக்கத் தையல் ஓவர்லாக்கா (வெட்டிய ஓரத்தில் நூல் சுற்றி அடிப்பது), இரண்டு முறை மடித்துத் தைத்ததா. கட்டம் போட்ட துணியானால் பாக்கெட்டில் கட்டம் சேர்கிறதா (உங்கள் பெயருக்காகவே சொல்கிறேன்).

டிரையரை விட்டுவிடுங்கள். அதன் வடிகட்டியில் சேரும் பஞ்சு எங்கிருந்து வருகிறது என்று நினைக்கிறீர்கள்? உங்கள் சட்டையில் இருந்துதான். எலாஸ்டேன் என்ற இழுபடும் இழை கலந்த துணியில் சூடு பட்டுப் பட்டு இழுவையே செத்துவிடும். காலர் மஞ்சளுக்குக் குளோரின் ப்ளீச் போடாதீர்கள், வியர்வைக் கறையில் சில சமயம் இன்னும் மஞ்சளாக்கும். ஆக்சிஜன் ப்ளீச்சில் ஊற வைத்தாலே போதும்.

கம்பளிக்கு வேறு நியாயம். அதன் இழையில் செதில் உண்டு, சூடும் அலசலும் சேர்ந்தால் செதில்கள் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு கெட்டியாகிவிடும், பிறகு திரும்பாது. சாதாரண சலவைத்தூளில் புரதக் கறையை அரிக்கும் என்சைம் இருக்கலாம், கம்பளியே புரதம்தானே. அதனால் அடிக்கடி துவைக்காமல் பிரஷ் போட்டு, காற்றாட விட்டு, ஒரு நாள் போட்டால் மறுநாள் ஓய்வு கொடுக்கிறேன். உள்ளே வைக்கும் முன்பு மட்டும் கட்டாயம் சுத்தம் செய்வேன். துணியைத் தின்பது பறக்கும் அந்துப்பூச்சி இல்லை, அதன் புழு, அதற்கு வியர்வையும் உணவுக் கறையும் பட்ட இடம்தான் ரொம்பப் பிடிக்கும். ஸ்வெட்டரை மடித்து வையுங்கள், ஹேங்கரில் போட்டால் தோளில் கொம்பு முளைத்துவிடும்.

கட்டம்போட்டசட்டை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஹைட்ரோஸ் வைத்தியம் பார்த்தேன், நாற்றம் சொன்னபடியேதான். சட்டை தொண்ணூறு சதவீதம் வெள்ளை, கஃப் மடிப்பில் மட்டும் ஒரு நீலக் கோடு விடாப்பிடியாக நிற்கிறது, கையை மடித்துவிட்டால் தெரியாது. அந்தப் பிராண்டுக்கும் மறுபடி எழுதினேன், இந்த முறை சண்டைக்கு இல்லை, சுருங்கும் அளவை அங்குலத்தில் போடுங்கள் என்று. இப்போது பக்கத்தில் போட்டிருக்கிறார்கள். ஜீன்ஸ் தம்பிக்குப் போய்விட்டது, அவன் என்னைவிடக் குள்ளம். இடுப்பு கொஞ்சம் பிடிக்கிறதாம், நெகிழும் என்று பழையகாலர் சொன்னதை அப்படியே சொல்லி வைத்திருக்கிறேன்.